தூசி தானா நிக்காது

ஏழு துண்டுச் சீட்டுகள் மேசைக்கு வந்து சேர்ந்தன. சம்பங்கி மாலையின் ஈரம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கியை விரலால் இரண்டு முறை தட்டினேன். தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் அதில்தான் பேசியிருந்தேன். ஆனால் கேள்வி நேரத்தில் ஒலிபெருக்கியைத் தட்டுகிறவனுக்கு ஒரு தோரணை வந்துவிடுகிறது. 1984 ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பின் சமூகக் கூடம். எனக்கு முப்பத்தாறு வயது. தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை. அதாவது, அடுத்தவன் யோசித்ததைச் சுத்தமாகக் கோடு போட்டுக் காட்டுகிற வேலை.

கூட்டத்தை நடத்தியது ஆவடி வட்டார அண்டவெளி அறிவியல் பேரவை. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் குறைவு. எங்கள் கடிதத்தாளின் இடப்பக்க ஓரம் முழுக்கப் பதவிகள்: தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் நால்வர், செயலாளர் கஜபதி என்கிற நான், இணைச் செயலாளர்கள் மூவர், பொருளாளர், புரவலர்கள், ஒரு சட்ட ஆலோசகர். அண்டவெளியில் யாரோடு வழக்காடப் போகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. கடிதம் எழுதுவதற்கு மிச்சமிருந்த இடம் ஒரு போஸ்ட் கார்டு அகலம். பதவி எதுவும் இல்லாத ஒரே உறுப்பினர் துலுக்கானம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில், வார்த்தெடுத்த இரும்பின் பிசிறுகளைக் கிரைண்டிங் மிஷினில் தேய்த்து எடுக்கிற வேலை அவருக்கு. ஞாயிறுதோறும் சைக்கிளில் வருவார். பெஞ்சுகளைப் போடுவார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார், பெஞ்சுகளை எடுத்து அடுக்கிவிட்டுப் போவார். அவர் ஒருவர் கீழே இருந்ததால்தான் அது கூட்டம். இல்லாவிட்டால் வெறும் மேடை.

இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு ‘அவன்’தான்.

என் உரையின் தலைப்பு ‘விண்மீன்களைச் சூழ்ந்த தூசித் தட்டுகள்: ஓர் அகச்சிவப்புப் பார்வை’. தலைவர் உலகநாதன் அறிமுகவுரையில் இதை மூன்று விதமாகச் சொல்லி மூன்றிலும் தடுமாறினார். தொழிற்சாலையில் பெரிய அதிகாரி. ஆகவே எல்லாத் துறையிலும் அவருக்குக் கருத்து இருந்தது. நாற்பது நிமிடம் அவர் பேசி முடித்தபோது முன்வரிசைக் குழந்தைகளில் பாதி தூங்கிவிட்டிருந்தன. மீதிப் பாதியை நான் கவனித்துக்கொண்டேன்.

ஆனாலும் சொல்ல வேண்டும், அன்றைக்கு நன்றாகத்தான் பேசினேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் சிவப்பாகத் தெரியாது, ஆனால் கன்னத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு தெரியும். அந்தச் சூடுதான் அகச்சிவப்பு என்றேன். அதைப் பார்க்கத்தான் போன வருடம் அமெரிக்கா, ஹாலந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஒரு தொலைநோக்கியை வானத்துக்கு அனுப்பின. தனக்கே காய்ச்சல் அடிக்கிறவன் அடுத்தவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அந்தத் தொலைநோக்கியைத் திரவ ஹீலியத்தில் போட்டு உறைய வைத்திருந்தார்கள். பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது, அதோடு கண்ணும் போனது. அதற்குள் ஒரு வேடிக்கை. மற்ற நட்சத்திரங்களின் சூட்டை அளக்க, கடைக்காரர் படிக்கல் வைத்துக்கொள்வதுபோல வேகா என்ற நட்சத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் அபிஜித் என்பார்கள். இருபத்தைந்து ஒளியாண்டுத் தொலைவு, அக்கம்பக்கம்தான். பார்த்தால், படிக்கல்லிலேயே எடை கூடுதல். இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு சூடு. நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி, அந்தத் தூசி காய்ந்துகொண்டிருக்கிறது. தச்சுவேலை முடிந்தபின் தரையில் கிடக்கிற மரத்தூள் மாதிரி, நட்சத்திரம் பிறந்தபோது மிஞ்சிய தூசி என்று முடித்தேன். நானாகச் சொல்லவில்லை, அப்போது படித்தவர்கள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கைதட்டினார்கள். கழுத்தில் மாலை அதற்குப் பிறகுதான் விழுந்தது.

சீட்டுகளுக்கு வருகிறேன். ஆறு சீட்டுகள் எப்போதும் வருகிற ஆறு: வேற்றுக்கிரகத்தில் மனிதர்கள் உண்டா (இரண்டு பேர்), ராகு கேதுவை அந்தத் தொலைநோக்கி பார்த்ததா, இன்றைய இளைஞர்களுக்குத் தங்கள் அறிவுரை என்ன, இந்தியா எப்போது இதைச் செய்யும், ‘உரை மிக அருமை’. கடைசிச் சீட்டு பட்டறையின் வேலைச்சீட்டு ஒன்றின் பின்பக்கம். பென்சிலில், அழுத்தி எழுதியது. அது யாருடையது என்று கேட்கவே வேண்டாம். நான்காக மடித்த மடிப்பில் எண்ணெய்க் கறை இருந்தது. அதைச் சாதாரணமாகப் படித்திருக்கலாம். எழுத்துத் தமிழுக்கு மாற்றிப் படித்திருக்கலாம். நான் அதை எழுதியபடியே, எழுதியவர் பேசுகிற ராகத்திலேயே ஒலிபெருக்கியில் படித்தேன்.

“தூசி தானா நிக்காது சார். எங்க பட்டறைல மிஷின நிப்பாட்டுனா, டீ குட்ச்சிட்டு வர்றதுக்குள்ள அல்லாம் அடங்கிரும். அங்க இன்னும் நிக்குதுன்னா, எங்கியோ இன்னாமோ ஓடினுகீது. இன்னா ஓடினுகீது?”

இரண்டாவது வரியிலேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. குடியிருப்பில் திருநெல்வேலிக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்கு ஆகாது. எல்லோரும் ஒற்றுமையாகச் சிரிப்பதற்கென்று ஏற்பட்டது ஒரே பேச்சு, அது மெட்ராஸ் பாஷை. எனக்கு அது தெரியும். சிரிப்பு வந்ததும் நிறுத்த மனம் வரவில்லை. சீட்டை மேசையில் வைத்துவிட்டு, அதே ராகத்தில் பதிலையும் சொன்னேன்.

“இன்னா ஓடினுகீதா? கிரைண்டிங் மிஷின்தான் நைனா! மூணு ஷிப்ட்டு ஓடுது. ஓவர்டைம் குடுக்கறாங்களான்னு கேட்டு லெட்டர் போட்டுக்கீறேன். வந்தா சொல்றேன்.”

கூடம் இடிந்துவிட்டது. உலகநாதன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ராகுகேதுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் துலுக்கானமும் சிரித்தார். எல்லோருக்கும் ஒரு நொடி பிந்தி, சிரிக்கப்படுகிறவர்கள் சிரிப்பது போல. அன்றைக்கு அவர் முதல்தடவையாக மனைவியைக் கூட்டி வந்திருந்தார். பேபி என்று பெயர். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, புதுச் சேலை மொடமொடக்க உட்கார்ந்திருந்தது அந்தப் பெண். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அதுவும் சிரித்தது. துலுக்கானம் திரும்பி அதைப் பார்த்தார். அதோடு அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அவ்வளவு அச்சாக அந்தப் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. குரலை மாற்றிப் பேசுவதில் கஜபதி சமர்த்தர் என்று பாராட்டினார்கள். நான் பிறந்தது ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூரில். என் அம்மா கெங்கம்மாள் நாற்று நட்ட வயல்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அம்மாவுக்கு அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சு தெரியாது. குடியிருப்பில் என்னோடுதான் இருந்தாள். அலுவலக நண்பர்கள் வந்தால் அடுப்படியை விட்டு வரவேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவைத்தேன், அவள் மறுமுறை சொல்ல வைக்கவில்லை. வெளியில் வந்து உட்கார்ந்து பேசியது ஒரே ஒரு விருந்தாளியோடுதான். கூட்டத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து துலுக்கானம் அவள் கையால் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடிப்பார். கூட்டத்தில் என்னை ‘சார்’ என்கிறவர், அங்கே ‘அண்ணாத்தே’ என்பார், நானும் என்னை அறியாமல் “குட்ச்சியா, இன்னும் ஊத்தட்டா?” என்றுதான் கேட்பேன். ஆக, அந்தக் கூடத்தில் என் திறமையின் ஊற்று எதுவென்று தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். அவரைத்தான் நான் பேசிக் காட்டினேன்.

அன்றைக்கும் பெஞ்சுகளை அடுக்கிவிட்டுத்தான் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது வாரம் செயற்குழுவில் இதுபற்றி விவாதம் நடந்தது. “பெஞ்சு போட ஆள் இல்லையே” என்றார் உலகநாதன். குடியிருப்புத் தோட்டக்காரருக்கு ஏதாவது கொடுத்து ஏற்பாடு செய்வதென்று தீர்மானம் நிறைவேறியது. வீட்டில் அம்மா மட்டும், “அந்தப் புள்ள ஏண்டா வர்றதில்ல?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். வேலை அதிகமாம் என்றேன். கூழை அவளே குடித்தாள்.

பிறகு மூன்று வருடம் கழித்து, மவுண்ட் ரோடு பக்கம் ஒரு நூலகத்தில், ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை நின்றபடியே புரட்டிக்கொண்டிருந்தேன். தூசித் தட்டுகள் என்று படம் போட்டிருந்ததால் உட்கார்ந்தேன். வேகா மட்டுமில்லை, இன்னும் பல நட்சத்திரங்களைச் சுற்றித் தூசி இருக்கிறதாம். அதில் ஒரு சிக்கல் என்று எழுதியிருந்தது. தூசி தானாக நிலைக்காது. பொடித் தூசியை நட்சத்திரத்தின் ஒளியே வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் பெரியது மெல்ல மெல்லச் சுழன்று நட்சத்திரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். நட்சத்திரத்தின் வயதோடு ஒப்பிட்டால் இதற்கெல்லாம் கண் மூடித் திறக்கிற நேரம். ஆகவே இன்றைக்கும் தூசி இருக்கிறதென்றால் அது பிறப்பின் மிச்சமாக இருக்க முடியாது. புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பெரிய பெரிய கற்கள் அங்கே ஒன்றோடொன்று மோதித் தேய்ந்துகொண்டிருக்க வேண்டும். ‘கிரைண்டிங்’ என்ற அந்தச் சொல்லே அச்சில் இருந்தது.

முதலில் நான் செய்த காரியம், யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தது. எதிரில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பேருந்தில் திரும்பும்போது அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்தம் வந்தபோது, இந்த நேரத்தில் ஷிப்ட் முடிந்திருக்காது என்று நினைத்தேன். முடிந்திருந்தது. கேட்டிலிருந்து ஆட்கள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த நான், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

நேரில் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று தோன்றியது; எழுதத் தெரிந்தவர்களுக்கு இருக்கிற வசதி அது. ஒரு தமிழ் அறிவியல் மாத இதழுக்குக் கட்டுரை எழுதினேன். முதல் படியில் ‘அம்பத்தூர்த் தொழிலாளி திரு. துலுக்கானம் 1984லேயே என்னிடம் கேட்டார்’ என்று இருந்தது. படித்தபோது, அப்படியானால் நீ என்ன பதில் சொன்னாய் என்று வாசகர் கேட்பாரே என்று பட்டது. இரண்டாம் படியில் ‘ஒரு தொழிலாளி’. மூன்றாம் படியில் ‘என் நண்பர் ஒருவர்’. நான்காம் படியைச் சுத்தமாக, மார்ஜின் விட்டு, வரைபடப் பிரிவுக் கையெழுத்தில் எழுதினேன்: ‘ஒரு பட்டறையைக் கடந்து செல்கையில் எனக்குத் தோன்றியது.’ ஒவ்வொரு படியிலும் நடை மெருகேறிக்கொண்டே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டின் சிறந்த கட்டுரை என்று பரிசு கொடுத்தார்கள். பேரவை பாராட்டு விழா எடுத்து ‘அறிவியல் செம்மல்’ என்று பட்டம் சூட்டியது. பேரவையில் பட்டம் வாங்காதவர்கள் என்று அதற்குள் யாரும் மிச்சமில்லை. பொருளாளர் ‘வானியல் வேந்தர்’. விழாவில் ஒரு கல்லூரி ஆசிரியர் கேட்டார், “அந்தப் பட்டறை உவமை எப்படி சார் தோணிச்சு?” சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: “எளிய மக்களை எப்போதும் கவனித்துக்கொண்டே இருப்பேன்.”

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அம்மா அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விழா என்பதால் நானே கூட்டி வந்து, யாரோடும் பேச வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்திருந்தேன்.

1995 கடைசியில் ஐரோப்பியர்கள் இன்னொரு அகச்சிவப்புத் தொலைநோக்கியை அனுப்பினார்கள். முதலாவதைவிடக் கூர்மையான கண். உடனே உலகநாதனிடமிருந்து தொலைபேசி. ஓய்வுபெற்றுவிட்டார், ஆனால் தலைவர் பதவிக்கு ஓய்வு வயது கிடையாது. “கஜபதி, பழைய தலைப்பு, புதிய தொலைநோக்கி. அந்தக் கிரைண்டிங் உவமையை மறக்காம சொல்லிடுங்க. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.” அழைப்பிதழ் அச்சாகி வந்தது. என் பெயருக்கு முன்னால் பட்டம் தடித்த எழுத்தில் இருந்தது. அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த மேடையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, துலுக்கானத்தை முன்வரிசையில் உட்கார வைத்து, அவருக்கு மாலை போட்டு, கூட்டத்தின் முன் மன்னிப்புக் கேட்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்தக் காட்சி மனதில் ஓடியபோது, மன்னிப்புக் கேட்கிற என் முகம்தான் அதில் பெரிதாகத் தெரிந்தது. அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டுக் கிளம்பினேன்.

பட்டறை வாசலுக்கு எதிரில் சுலைமான் டீக்கடை. துலுக்கானம் எங்கே இருக்கிறார் தெரியுமா என்று கேட்டேன். சுலைமான் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

“எந்தத் துலுக்கானம்? ஓவர்டைம் துலுக்கானமா?”

“ஓவர்டைமா?”

“அதாங்க, நட்சத்திரத்துல ஓவர்டைம் கேட்ட ஆளு. பட்டறைல அல்லாரும் அப்டித்தான் கூப்புடுவானுங்க. பேர் சொன்னா யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் கூட, ‘இன்னா ஓவர்டைம், லெட்டர் வந்துச்சா’ம்பாரு. நல்ல மனுசன், சிரிச்சினே பூடுவாரு. ஒரு நாளு மிஷின நிறுத்திட்டு வெளிய வந்தவருதான், திரும்பி உள்ள போவல. ஐயப்பன்தாங்கல்ல மாவு மில்லு வச்சிக்கீறாராம். டிப்போ பின்னாடி.”

டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் பட்டறைக்காரர் யாரும் இல்லை. குடியிருப்பிலிருந்து அம்பத்தூர் வரை அந்த வார்த்தை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நன்றாக அமைந்துவிட்ட நகைச்சுவைக்கு வழி சொல்ல வேண்டியதில்லை.

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவின் பின்புறத் தெருவில் மில்லைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் தூக்குகள், எவர்சில்வர் டப்பாக்கள், அன்னக்கூடைகள் வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரிகள் எதிர்த்த வீட்டு நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மின்வெட்டு. மில் சத்தமில்லாமல் கிடந்தது. வாசல் மேசையில் பேபி, யாருடையதில் என்ன, எத்தனை படி என்று கேட்டு டப்பாக்களில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, “கரண்ட்டு வந்தாதான் சார்” என்றது. அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே தலைமுண்டோடு பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். புருவம் வெளுத்திருந்தது. நரையா மாவா என்று சொல்ல முடியாது.

“அண்ணாத்தே! வா, வா. உள்ள வா. ஒம்போது மணிக்குப் பூட்ச்சி, இன்னும் வர்ல.” ஒரு மூட்டையைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். “ஆயா எப்டிக்கீது?”

அம்மா போய்விட்டாள் என்றேன். கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். “சொல்லி அனுப்பியிருந்தா வந்திருப்பேன்” என்றார் பிறகு.

அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். “அன்னைக்கு நீங்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தீங்க...”

“அத்த இன்னும் ஞாபகம் வச்சினுகீறியா?” அவருக்குக் கூச்சமாகிவிட்டது. “தப்பு என்துதான் அண்ணாத்தே. அவ்ளோ பெரிய மீட்டிங்ல பட்டறை சமாச்சாரத்த எழுதிக் குட்த்தேன் பாரு. உனக்கும் சங்கடமா பூட்ச்சி.”

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் எனக்கு முன்னால் அவர் கேட்டுவிட்டார். நான் அவசர அவசரமாகச் சொன்னேன். தப்பில்லை, நீங்கள் கேட்டதுதான் சரி, இப்போது உலகம் முழுக்க அதைத்தான் சொல்கிறார்கள், தூசி தானாக நிற்காதாம். அவர் ஆச்சரியப்படவில்லை. கேட்டுக்கொண்டே தலைமுண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“அப்போ ஓடினுதான் கீது.”

“ஆமா.”

“இன்னா ஓடுது?”

பன்னிரண்டு வருடமாகப் பதில் வராத கேள்வி. கற்கள் என்றேன். மலை அளவு, அதற்கு மேலும். ஒன்றோடு ஒன்று மோதித் தேய்கின்றன. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

“அப்டின்னா, ஒரு நாளு கல்லு தீந்துடும்ல? தீந்துட்டா தூசியும் நின்னுடும். வயசான நட்சத்திரத்துல தூசி கம்மியா இருக்கணுமே. கீதா?”

“தெரியல” என்றேன். பேரவையில் இருபது வருடமாக நான் சொல்லாத வார்த்தை அது.

கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். நான்கு படிகளையும் சொன்னேன். பரிசு, சால்வை, எளிய மக்கள் எல்லாவற்றையும். அவர் இடையில் ஒருமுறை லேசாகச் சிரித்தார், “பலகாரக் கடைல அந்தத் தாள்ல பொட்டலம் கட்டிக் குட்த்திருந்தா நானும் படிச்சிருப்பேன்” என்று. மேடைக்கு வர வேண்டும், அங்கே எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன் என்றபோதுதான் முகம் மாறியது.

“வேணாம் அண்ணாத்தே. இந்தத் தெருவுல என் பேரு துலுக்கானம். பட்டறைல எனக்கு இன்னா பேருன்னு உனக்குத் தெரியாது.”

நான் அழைப்பிதழை இரண்டாக மடித்தேன்.

“நீ நல்லதுக்குதான் சொல்லுவே. ஆனா அவங்களுக்கு அது ஞாபகம் வரும். மறுபடியும் கெளப்பிவுட்ற மாறி ஆயிரும்.” வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். “உனக்குச் சொல்லணும்னா அவகிட்ட சொல்லு. அன்னிக்கி அவள ஏன் இட்டாந்தேன் தெரியுமா? அந்தச் சீட்ட எழுதி மூணு நாளு பாக்கெட்ல வச்சினு இருந்தேன். நான் ஒண்ணு கேக்கப் போறேன், அதுக்கு எங்க அண்ணாத்தயே கொஞ்சம் யோசிச்சிதான் பதில் சொல்லணும்னு அவகிட்ட சொல்லி இட்டாந்தேன். நீ யோசிக்கவே இல்ல.”

நான் மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவளும் சிரிச்சா. சண்டைல்லாம் இல்ல. அத்தோட நான் ஊட்ல இதுமாறி எதுவும் பேசறத வுட்டுட்டேன், அவ்ளோதான். போய்ச் சொல்லு. நான் இங்கியே கீறேன்.”

வாசலுக்கு வந்தேன். நாற்பது மேடை ஏறிய வாய். பேபி சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு நின்றது. “அம்மா, தங்கள் கணவர் அன்று எழுப்பிய வினா அறிவியல்ரீதியாக மிகவும்...” என்று ஆரம்பித்தது என் குரல். அது தானாக அப்படித்தான் ஆரம்பிக்கும்.

“இன்னா சார் சொல்றீங்க? அரைக்கறதா இருந்தா தூக்க அப்டி வரிசைல வைங்க.”

நிழலில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, அம்மாவோடு மட்டும் பேசிய பேச்சில், அவள் போனபின் யாரோடும் பேசாத பேச்சில் சொன்னேன். “உங்க ஊட்டுக்காரரு அன்னிக்கி கேட்டது கரீட்டும்மா. நான்தான் ஒண்ணும் தெரியாம கிண்டல் பண்ட்டேன். அவரு சொன்னாமாறிதான் அங்க ஓடினுகீது...”

பேபியின் முகம் இறுகிவிட்டது. என்னை வந்ததுமே அடையாளம் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?” சத்தம் போடவில்லை, பெண்களுக்குக் கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. “மேடைல பேசிக் காட்னது பத்தலியா? ஊடு தேடி வந்து அவர மாறியே பேசணுமா?”

“இல்லம்மா, இது என் பேச்சுதான். எங்க அம்மா...”

“உங்க பேச்சா? நீங்கல்லாம் ஆபீசருங்க.” சாக்பீஸ் அதன் கையில் இரண்டாக உடைந்தது. “அன்னிக்கி எனக்கு இன்னா தெரியும்? அல்லாரும் சிரிக்கிறாங்க, கைதட்றாங்க. இவரு எழுதனதுக்குத்தான் தட்றாங்கன்னு நெனச்சேன். என் ஊட்டுக்காரருக்கு இவ்ளோ பேரு தட்றாங்களேன்னு வாயெல்லாம் பல்லா சிரிச்சேன். வெளிய வந்து அவரு மூஞ்சப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சது. அத்த எப்டி அவருகிட்ட சொல்றது? நான் முட்டாளுன்னா? இல்ல, உன்ன வச்சி சிரிச்சாங்கன்னா?”

“இத அவருகிட்ட நீங்க சொல்லவே இல்லியா?”

பதில் வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. உள்ளே மோட்டார் உறுமி, பெல்ட் சடசடவென்று பிடித்தது. நிழலில் இருந்த பெண்கள் மொத்தமாக எழுந்து வந்து அவரவர் டப்பாவின் பின்னால் நின்றார்கள். அந்த நெரிசலில் புகுந்து உள்ளே ஓடினேன். துலுக்கானம் முதல் அன்னக்கூடையின் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் காதருகே போய்க் கத்தினேன். “பேபி உன்ன பாத்து சிரிக்கல! உனக்கு கைதட்றாங்கன்னு நெனச்சி சிரிச்சாங்களாம்!” அவர் இடது கையைக் காதோரம் குவித்து, “இன்னா?” என்று புருவத்தைத் தூக்கினார். மறுபடியும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று, சிரித்துக்கொண்டே.

பின்னால் யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேபி. என்னைக் கடந்து போய், சுவரோரம் இருந்த ஸ்விட்சை உள்ளங்கையால் அடித்துக் கீழே இறக்கியது.

“யம்மாடி, கரண்ட்டு வந்தும் நிப்பாட்றியே, இன்னா பேபி!” என்று வாசலில் ஒரு குரல் எழுந்தது. பேபி திரும்பவில்லை. சக்கரத்தின் வேகம் குறைந்தது. பெல்ட் தளர்ந்து, ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை டப், டப் என்று அடித்தது. அது முழுசாக நிற்கட்டும் என்று காத்திருந்தோம். கூடையைச் சாய்த்தபடி அவர். ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல் அந்தப் பெண். வாசல் நெடுக, டப்பாக்களுக்கு மேலே எட்டிப் பார்க்கிற முகங்கள்.